யாரைக் கேட்டார்கள்? – நாய்கள், நாம், சம்மதம்



ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் எழுதிய நூல்களை வரிசையாகச் சொல்லிப் புகழ்ந்துவிட்டு அமர்வது எளிது. அவர் எழுப்பிய கேள்வி ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. ‘அறம் அதிகாரம்’ என்று தன் நூல் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தார். ஓரிடத்தில் அறம் பேசப்படுகிறது என்றால் அந்தப் பேச்சு யாருடைய அதிகாரத்துக்கு முட்டுக்கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை அவரிடம் கற்றுக்கொண்டோம். இன்று அந்தக் கேள்வியை நாய்களை முன்வைத்துக் கேட்கப் போகிறோம்.

தலைப்பைக் கேட்டதும் சில தோழர்கள், “நமக்கு இருக்கிற பிரச்சினை போதாதா, நாய் எதற்கு?” என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் 2025ஆம் ஆண்டின் நீதிமன்ற உத்தரவுகளில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று, டெல்லியிலும் அதன் சுற்றுப்பகுதிகளிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். வெறிநோய் கண்ட நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் மட்டும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று நாடு முழுவதற்குமான உத்தரவு ஒன்று வந்தது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும். அகற்றியவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது.

இந்த மாதங்களில் நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. ஒரு பக்கம் நாயை ஒழி என்றது, மறுபக்கம் நாயைத் தொடாதே என்றது. தொலைக்காட்சி விவாதங்களில் வழக்கறிஞர்கள் பேசினார்கள், நடிகர்கள் பேசினார்கள், குடியிருப்போர் சங்கத் தலைவர்கள் பேசினார்கள். வலையைப் பிடிக்கப் போகிறவரை யாரும் கூப்பிடவில்லை. நம் திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் புத்தூர் அரசு மருத்துவமனைக்கும் நாய் பிடிக்கப் போகிறவர் யார்? பெரும்பாலும் நம் தெருக்களிலிருந்து ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்தான். நாயை யாரும் கேட்கவில்லை, அவரையும் யாரும் கேட்கவில்லை. ஆகவே இது நம் பிரச்சினை.

பெயர் வைத்தவர்கள்

ஆங்கிலத்தில் ‘பரையா டாக்’ என்று ஒரு சொல் உண்டு. ஆளில்லாமல் தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர். பறையர் என்ற நம் மக்களின் பெயரிலிருந்து வந்த சொல் அது. சென்னை மாகாணத்தில் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மனிதரைப் பார்த்தார்கள், வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்ட நாயைப் பார்த்தார்கள், இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்று முடிவு செய்தார்கள். பிறகு ‘பரையா’ என்பது உலகம் முழுவதும் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் புழங்கத் தொடங்கியது. சமூகவியல் மாணவர்களுக்குத் தெரியும், மாக்ஸ் வேபர் யூதர்களைப் பற்றி எழுதும்போதும் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். இப்போது நாய் ஆர்வலர்கள் அந்த நாட்டு நாய்க்கு ‘இண்டாக்’ என்று புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். நாய்க்குக் கௌரவமான பெயர் கிடைத்துவிட்டது. மனிதருக்கு ஒட்டிய பழைய பொருள் அகராதிகளில் அப்படியே இருக்கிறது.

ஆங்கிலேயர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயம், சண்டாளரும் சுவபசரும் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையுமே அவர்களுடைய சொத்தாக இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. சுவபசர் என்ற பெயரே நாயைச் சமைப்பவர் என்று பொருள்படும் வசைதான்.

இதற்கு நேர்மாறாகத் தெரியும் வழக்கம் ஒன்றும் உண்டு. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தன்னை ‘நாயேன்’ என்று பல இடங்களில் சொல்லிக்கொள்கிறார். பாண்டியனின் அமைச்சர் அவர். அவர் தன்னை நாய் என்றால் அது பணிவு, பக்தி, இலக்கியம். பண்ணையார் வாசலில் நிற்கும் நம் தாத்தாவை ‘ஏ நாயே’ என்றால் அது என்ன? சொல் ஒன்றுதான். ஒருவர் தானே எடுத்துக்கொண்டார், வேண்டாம் என்றால் இறக்கி வைக்கவும் அவரால் முடியும். இன்னொருவர் மேல் அதை வைத்தார்கள், இறக்கி வைக்க விடவில்லை. சம்மதம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

நம்மை நாயோடு சேர்த்துப் பேசலாமா என்று கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தபோது, விலங்குகள் குடிக்கத் தடையில்லாத நீரை மனிதர் குடிக்கக் கூடாது என்ற ஏற்பாட்டைத்தான் உடைத்தார். ஆனால் இழிவு நாயிடமிருந்து வரவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும். நாயை இழிவாக்கி, பிறகு அந்த இழிவை நம் மேல் ஒட்டினார்கள். மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) இதைக் காட்டியது. கருப்பி என்ற நாயைத் தண்டவாளத்தில் கட்டிவைத்துக் கொல்கிறார்கள். அது செய்த குற்றம் நம் வீட்டு நாயாக இருந்தது. கருப்பிக்காக அழுத யாரும் தன்னை நாயோடு ஒப்பிட்டுவிட்டார்கள் என்று வருத்தப்படவில்லை.

நன்றியுள்ள பிராணி

பள்ளிப் பிள்ளையை நாய் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரி என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நாய் நன்றியுள்ள பிராணி. அடித்தாலும் காலைச் சுற்றும், பட்டினி போட்டாலும் வாசலைக் காக்கும், எசமான் செத்தால் சமாதியில் படுத்துக் கிடக்கும். இதை நாம் அன்பு என்று படித்து வளர்ந்தோம்.

காவிரிப் படுகையில் பண்ணையாள் பற்றியும் இதே கட்டுரையைத்தான் எழுதினார்கள். விசுவாசமான ஆள், தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு ஆள், என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டான். எதிர்த்துப் பேசினால் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்தன என்பதை அந்தக் கட்டுரை சொல்லாது. செங்கொடிச் சங்கம் வந்தபிறகு, 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, அந்த விசுவாசம் எங்கே போனது? மிராசுதார்கள் ஆள் கெட்டுவிட்டான் என்று புலம்பினார்கள். ஆள் கெடவில்லை. முடியாது என்று சொல்ல ஒரு வழி கிடைத்ததும் சொன்னான். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலி கேட்டவர்களின் குடும்பங்களைக் குடிசையோடு எரித்தார்கள். அந்த வழியை மூட அவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அன்று பார்த்தோம்.

இந்த வரலாற்றிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். மறுக்க முடியாத இடத்தில் கிடைக்கும் ‘சரி’யைச் சம்மதம் என்று கணக்கில் எழுதக் கூடாது. இதை நாம் நமக்காகக் கேட்டோம், பெண்கள் தங்களுக்காகக் கேட்டார்கள். அதே விதியை வைத்து நாயைப் பார்த்தால் என்ன தெரிகிறது? சோற்றுக்கு வேறு வழியில்லாமல், சங்கிலியில் கட்டப்பட்டு, வாசல் தாண்டினால் எங்கே போவதென்று தெரியாத உயிர் வாலை ஆட்டுகிறது. அது அன்பாகவும் இருக்கலாம். நாய்க்கு அன்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. அந்த வாலாட்டலை ரசீதாக எடுத்துக்கொண்டு, இதற்கு எல்லாம் சம்மதம் என்று நாமே கையெழுத்துப் போட்டுக்கொள்வதைத்தான் கேள்வி கேட்கிறோம்.

நாய் பேசாது, பிறகு எப்படிக் கேட்பது என்பார்கள். பேசாவிட்டாலும் அது சொல்கிறது. தலையைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், வாலை இடுக்கிக்கொள்ளும், உடம்பு விறைத்து அப்படியே நிற்கும். இவையெல்லாம் ‘வேண்டாம்’. கொஞ்ச நேரம் தடவிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். திரும்ப ஒட்டிக்கொண்டு வந்தால் வேண்டும் என்கிறது. விலகினால் போதும் என்கிறது. விலகிய நாயை விரட்டிப் பிடித்துக் கொஞ்சும்போதுதான் பல குழந்தைகள் கடிபடுகிறார்கள். மறுப்பைப் படிக்கத் தெரியாததன் விலை அது.

கல்லும் தோளும்

சம்மதம் கேட்காமல் செய்வது அடிப்பது மட்டும்தானா? திருவரங்கத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசும்போது திருப்பாணாழ்வார் கதையை விட்டுவிட முடியாது. உறையூர்க்காரர், பாணர். குருபரம்பரைக் கதைகளின்படி, அவர் அரங்கத் தீவில் கால் வைக்காமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தார். வழிவிடச் சொன்னது காதில் விழவில்லை. திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் கல்லை எறிந்தார், நெற்றியில் ரத்தம் வந்தது. பிறகு அரங்கன் ஆணையிட, அதே முனிவர் பாணரைத் தோளில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். தகுதியில்லை என்று பாணர் மறுத்தும் விடவில்லை. முனிவாகனர் என்ற பெயர் அப்படி வந்தது. பத்துப் பாடல் பாடி அரங்கனோடு கலந்தார் என்று கதை முடிகிறது.

பக்தர்களுக்கு இது அருளின் கதை, அதை நாம் பறிக்க வரவில்லை. ஆனால் கல்லெறிந்தபோதும் அவரைக் கேட்கவில்லை, தோளில் தூக்கியபோதும் அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அடித்த கையும் தூக்கிய கையும் ஒன்றுதான். ஆழ்வார் ஒருவர் உள்ளே போய் மறைந்தார், அவர் சாதி வெளியேதான் நின்றது. தன் காலால் நடந்து உள்ளே போகும் உரிமையைச் சட்டமாக்க 1947இன் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

நாயிடமும் நாம் கல்லாகவும் தோளாகவும்தான் இருக்கிறோம். ஒரு தெருவில் கல்லடி. இன்னொரு தெருவில் சட்டை மாட்டி, பிறந்தநாள் கேக் வெட்டி, படம் எடுத்துப் போடுகிறோம். இரண்டாவது எவ்வளவோ மேல். ஆனால் கேட்கும் பழக்கம் அங்கேயும் இல்லை.

1957 நவம்பர் 3 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் லைக்கா என்ற நாயை ஏற்றி அனுப்பியது. மாஸ்கோ தெருவில் பிடித்த நாய் அது. குளிரும் பசியும் பழகிய தெருநாய் இதைத் தாங்கும் என்பது தேர்வுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடே கலத்தில் இல்லை. அது பல நாள் உயிரோடு இருந்ததாக உலகம் நம்பியிருந்தது. சில மணி நேரத்திலேயே வெப்பத்தில் இறந்துவிட்டது என்பது 2002இல்தான் வெளியே வந்தது. ‘இதைத் தாங்கும்’ என்ற காரணத்தை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறவரைப் பற்றி, அவர்களுக்குப் பழகிவிட்டது என்று சொல்கிறார்களே, அதே காரணம்தான். 2013இல் சட்டம் போட்டுத் தடுத்தபிறகும் அந்தப் பழக்கப் பேச்சு நிற்கவில்லை.

சுத்த ரத்தம்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய் இனங்களைப் பற்றிப் பெருமைப்படுகிறோம். 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வந்தது. அழிந்துபோகாமல் காப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ‘ஒரிஜினல்’, ‘கலப்பு இல்லாதது’, ‘நல்ல வம்சம்’ என்று சந்தையில் பேசும் மொழியைக் காது கொடுத்துக் கேளுங்கள். திருமணத் தகவல் மையத்தில் கேட்கும் மொழிதான் அது.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில், சாதியின் சாரம் அகமணம் என்று நிறுவினார். யார் யாரோடு சேரலாம் என்பதை அடைத்துக் காப்பதில்தான் சாதி உயிர்வாழ்கிறது. நாய் வளர்ப்பில் அந்த அடைப்பு வெளிப்படையாகவே நடக்கிறது. பெட்டையைக் கட்டிவைத்து, வளர்ப்பவர் தேர்ந்த ஆணைக் கொண்டுவந்து, குட்டியை விலை பேசுகிறார்கள். முகம் தட்டையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் மூச்சுவிடவே திணறும் பக் நாயும், பெரும்பாலும் அறுவை சிகிச்சையில்தான் குட்டி போட முடிகிற புல்டாக்கும் உருவாகியிருக்கின்றன. நார்வேயில் கவாலியர் ஸ்பேனியல் இனத்தை இப்படிப் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது.

இதில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. தமிழகக் கிராமங்களில் தீண்டாமை வடிவங்களைத் தொகுத்த கள ஆய்வுகளில், தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடையும் பதிவாகியிருக்கிறது. காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நம் தெரு ஆண் நாய் அவர்கள் தெருப் பெட்டையோடு சேர்ந்துவிடக் கூடாது. ஆணவக் கொலையின் தர்க்கம் நாய்வரைக்கும் போய் நிற்கிறது. இந்த இடத்தில் நாயின் விடுதலையும் நம் விடுதலையும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டிருக்கின்றன. இப்படிச் சொல்ல நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

கேட்க முடியாத இடத்தில்

இனி கடினமான பகுதிக்கு வருவோம். நாயிடம் கேட்கவே முடியாத முடிவுகள் உண்டு. கருத்தடை அப்படிப்பட்டது. நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை, தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுதல் என்ற முறையை 2001 விதிகளும் பிறகு 2023 விதிகளும் வகுத்தன. கருத்தடை என்ற சொல் நம் காதில் லேசாக விழாது. நெருக்கடிநிலைக் காலத்தில் ஏழைகளையும் தலித்துகளையும் முஸ்லிம்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள், பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இலக்கை எண்ணிக்கையாக வைத்தால் உடம்பு எண்ணாகிவிடும்.

அந்தப் பெண்களைக் கேட்டிருக்க முடியும், கேட்கவில்லை. அது குற்றம். நாயைக் கேட்க முடியாது. கேட்க முடியாததால் நம் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. குழந்தைக்கு ஊசி போடுகிறோம், அது அழுகிறது, ஆனாலும் போடுகிறோம். அப்போது நம்மை நாமே மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறோம். அதற்கும் இதில் நன்மை உண்டா? இதைவிட வலி குறைந்த வழி இல்லையா? தவறு நடந்தால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா? நாயின் கருத்தடைக்கும் இதே மூன்று கேள்விதான். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, பாதிக்கு மேல் சாகும் குட்டிகள், ஓயாத பசி என்பதோடு ஒப்பிட்டால் ஒழுங்காகச் செய்யப்பட்ட கருத்தடை நாய்க்கும் நல்லதுதான். நாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் விட்டு, புண் ஆறும் முன் திரும்பக் கொட்டினால் அது பிலாஸ்பூர்.

திருச்சி மாநகராட்சியின் கருத்தடை மையம் ஒன்று உறையூர் கோணக்கரையில் இருக்கிறது. அதைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்பது விதி. 2001 விதிகளில் அந்தக் குழுவில் மாநகராட்சி அதிகாரி, சுகாதாரத் துறை, விலங்கு நலத் துறை, கால்நடை மருத்துவர், விலங்கு நல அமைப்புகள் எல்லோருக்கும் இடம் சொல்லப்பட்டது. நாய் பிடிக்கும் தொழிலாளிக்கும், நாய்க்கடி அதிகம் படும் குடிசைப் பகுதி மக்களுக்கும் இடம் சொல்லப்படவில்லை.

கடிபடுவது யார்? உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறக்கிறார்கள், அதில் 36 சதவீதம் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிது. கடித்த உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, முறையாக ஊசி போட்டுக்கொண்டால் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடலாம். ஆனால் கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டும். தினக்கூலிக்கு அது நான்கு நாள் சம்பளம். இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடுகிறவரை அறியாதவர் என்று திட்டாதீர்கள், அவருடைய கூலியைக் கேளுங்கள்.

நாய்கள் எங்கே பெருகுகின்றன? பல பத்தாண்டுகளாக நகரத்துக் குப்பையெல்லாம் கொட்டப்பட்ட அரியமங்கலம் கிடங்கைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். குப்பை இருக்கும் இடத்தில் நாய் இருக்கும். ஊர்க் குப்பையை யார் வீட்டுப் பக்கம் கொட்டுவது என்று முடிவு செய்தவர்கள், நாயோடு யார் வாழ வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டார்கள். அங்குள்ளவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை.

நாய்க்குச் சோறு வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் சொற்ப வருமானத்தில் செய்கிறீர்கள், அந்தக் கருணை மேல் நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அடுத்தவர் வாசலிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்கும்போது அவர்களைக் கேட்டீர்களா? 2023 விதிகளே உணவிடும் இடம் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் நுழைவாயிலிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. பணக்காரத் தெருவில் வாழ்ந்துகொண்டு ஏழைத் தெருவில் கருணை காட்டுவதும் அதிகாரத்தின் ஒரு வடிவம்தான்.

நாம் கேட்பவை

ஆகவே இந்த அரங்கிலிருந்து சிலவற்றைக் கேட்போம். நாய் பிடிக்கும் ஒவ்வொரு பணியாளருக்கும் முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசியும், பயிற்சியும், கையுறையும், நிரந்தர வேலையும் வேண்டும். இந்த நாயை இன்று பிடிக்க முடியாது என்று அவர் சொன்னால் கூலி வெட்டக் கூடாது. கண்காணிப்புக் குழுவில் அவருக்கும், குடிசைப் பகுதிப் பெண்களுக்கும் இடம் வேண்டும். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவலை நிறுத்தலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வேலை 65 வார்டுகளில் அரியமங்கலம் போன்ற இடங்களில் முதலில் தொடங்க வேண்டும். சித்திரை வீதிகளில் எத்தனை முறை குப்பை அள்ளுகிறார்களோ அத்தனை முறை நம் தெருக்களிலும் அள்ள வேண்டும். கடிபட்டவருக்கு ஊசி நாட்களின் கூலியை அரசு ஈடுகட்ட வேண்டும். காப்பகம் என்ற பெயரில் நாய்களைக் கூண்டில் அடைத்துச் சாகவிடக் கூடாது. நாயின் மறுப்பைப் படிப்பது எப்படி என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலையும் தருகிறோம். உங்கள் வார்டில் நாய் பற்றி அடுத்து ஒரு கூட்டமோ ஆய்வோ நடந்தால் அங்கே போய், இதனால் பாதிக்கப்படப் போகிறவர்களில் யாரைக் கேட்டீர்கள் என்று எழுந்து நின்று கேளுங்கள். அதிகாரியின் பதிலை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இதே நினைவு நாளில் அந்தப் பதில்களை இங்கே வாசிப்போம்.